ஸ்டீலர்ஸ் ஹெல்மெட்: லோகோ இல்லாத இடப்பக்கம்தான் உயிரை வாங்குகிறது

பழைய ஹெல்மெட் ஒன்றைப் புதுப்பித்து, அலமாரியில் வைக்க ஸ்டீலர்ஸ் ஹெல்மெட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருவழியாக இடப்பக்கம் தேறிவிட்டது. டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தால் வெளிச்சக் கோடு நெற்றி விளிம்பிலிருந்து பிடரி வரை நெளியாமல் ஓடுகிறது. ஃபேஸ்மாஸ்க் என்கிற முகக் கம்பி மாட்டவில்லை, எண்கள் ஒட்டவில்லை, உள் பேடு இன்னும் டப்பாவில்தான் கிடக்கிறது. ஆனாலும் முக்கால்வாசி வேலை முடிந்தது என்றே சொல்வேன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஹெல்மெட்டில் கஷ்டமான இடம், எதுவுமே ஒட்டாத அந்த இடப்பக்கம்தான்.

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 32 அணிகளில் ஒரு பக்கம் மட்டும் லோகோ வைத்திருப்பது ஸ்டீலர்ஸ் ஒன்றுதான். மற்ற அணிகளுக்குச் செய்யும்போது காதுத் துளைக்கு மேலே உள்ள பழைய கீறல், பட்டி பூசிய மேடு, பெயிண்ட் திட்டு எல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில் மறைந்துவிடும். கௌபாய்ஸ் செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரம் காப்பாற்றுகிறது. பெங்கால்ஸுக்குப் புலி வரிகள், கேட்கவே வேண்டாம். கிளீவ்லாந்து பிரவுன்ஸுக்கு எந்தப் பக்கமும் லோகோ கிடையாது, உண்மைதான். ஆனால் ஆரஞ்சு நிறம் குறைகளை அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. கிளீவ்லாந்தைப் பற்றி இதைவிட நல்லதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வட்ட லோகோவை அணிக்குப் பரிந்துரைத்ததே கிளீவ்லாந்தின் ரிபப்ளிக் ஸ்டீல் நிறுவனம்தான். எஃகுத் தொழில் சங்கத்தின் ஸ்டீல்மார்க் சின்னம் அது: மூன்று வைர வடிவங்கள், மேலே மஞ்சள், வலப்பக்கம் சிவப்பு, கீழே நீலம், இடப்பக்கம் எழுத்து. 1962இல் ஹெல்மெட் பொன்மஞ்சள் நிறமாக இருந்தது. அந்த மஞ்சளின் மேல் சின்னம் எடுபடுமா என்ற சந்தேகத்தில், உபகரண மேலாளர் ஜாக் ஹார்ட்டிடம் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் 9 வெற்றி, 5 தோல்வி. இரண்டாமிடம் பிடித்த அணிகள் மோதும் ப்ளேஆஃப் பவுல் அடுத்து வந்தது, அதற்காக ஹெல்மெட்டைக் கறுப்பாக்கினார்கள். சின்னம் பளிச்சென்று நின்றது, ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று ஊரே கேட்டது, அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இன்றைக்கு வாட்டர் பேப்பரோடு இந்தப் பாடு இல்லை.

ஷெல், அதாவது வெளிக்கூடு, ரிடெல் நிறுவனத்தின் பழைய விஎஸ்ஆர்-4 மாடல். உச்சி உருண்டையாக, மேடு பள்ளம் இல்லாமல் இருப்பதால், நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் நடுக்கோட்டை ஒட்ட இதைவிட வசதியான ஷெல் கிடையாது. பின்னால் வந்த ஸ்பீட்ஃப்ளெக்ஸ் மாடலில் முன்பக்கம் தனித் துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். கோட்டை அங்கே துண்டாக்கிச் சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்த்தாலும் கண்ணில் உறுத்தும். பத்து வருடம் தாண்டிய ஹெல்மெட்டுகளைப் புதுப்பிக்கும் நிறுவனங்கள் எடுப்பதில்லை என்பதால் பள்ளிகள் மொத்தமாக ஏலத்தில் தள்ளிவிடுகின்றன. அங்கே வாங்கினால் மலிவு. வாங்கும்போது திருகு ஓட்டைகளைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தால் வேண்டாம், பெயிண்டின் கரைப்பான் பட்டதும் அது நீளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பெயிண்ட் அடித்த ஷெல் அலமாரியில் வைக்க மட்டுமே. அதைத் தலையில் மாட்டி விளையாட யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பெரியவர் அளவு ஷெல் பாலிகார்பனேட், சிறுவர் அளவு பெரும்பாலும் ஏபிஎஸ். இரண்டுக்கும் அசிட்டோன், தின்னர் எதிரி. பழைய ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, மிச்சப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். துரு ஏறிய திருகு சுற்றிக்கொண்டே இருந்து கழலாவிட்டால், உள்ளே இருக்கும் டி-நட்டும் கூடவே சுற்றுகிறது என்று அர்த்தம். நட்டின் விளிம்பைக் குறடால் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருகின் தலையை டிரில்லால் எடுத்துவிடுவதே நல்லது. நெம்பினால் ஷெல் பிளக்கும்.

220 உப்புத்தாள், பிறகு 320. ஆழமான கீறல்களுக்கு, இரண்டு பாகம் கலந்து பூசும், பிளாஸ்டிக் பம்பருக்கான பட்டி. ட்யூபிலிருந்து அப்படியே பிதுக்கிப் பூசும் பட்டி இங்கே சரிவராது. அது காய்வதே உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகித்தான். மேலே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே பல நாள் சுருங்கிக்கொண்டே போகும். கறுப்பு அடித்து, அதன் மேல் நிறமற்ற கிளியர் அடித்து, பாலிஷ் போட்டு முடித்த பிறகு பட்டியின் விளிம்பு ஒரு வளையமாக மேலே தெரியும். வலப்பக்கம் என்றால் ஸ்டிக்கர் மறைக்கும். இடப்பக்கம் என்றால் திரும்ப 220.

பிரைமருக்கு மேல் எதிர்நிறத்தில் ஒரு பெயிண்டைத் தூவல் போல லேசாக அடித்து, காய்ந்ததும் 600 வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தூவல் நிறம் எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். இதை இடப்பக்கத்தில் கட்டாயம் செய்யுங்கள். மற்ற இடங்களில் உங்கள் இஷ்டம். தேய்க்க மரக்கட்டை வேண்டாம், வளைவில் தட்டையான முகம் விழும். வெறும் விரலாலும் தேய்க்கக் கூடாது, விரல் அகலத்துக்கு வாய்க்கால் விழும். கையில் அடங்கும் மெத்தென்ற ஃபோம் பேடுதான் சரி. ஒரு முறை குறுக்காக, அடுத்த முறை அதற்குச் செங்குத்தாக.

கறுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 20-25 செ.மீ. தூரம், மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். பாலிகார்பனேட்டில் முதல் பூச்சு வெறும் தூவலாக இருக்கட்டும், நனையும் அளவுக்கு அடித்தால் ஓட்டைகளைச் சுற்றி நுண்விரிசல் வரும். 400 மி.லி. டப்பா ஒன்று ஒரு ஷெல்லுக்குத் தாராளம்.

விஷயமே கிளியரில்தான். சாதாரண ஸ்ப்ரே கிளியர் பாலிஷுக்குத் தாங்காது, சில மாதத்தில் மங்கும். டப்பாவின் அடியில் குமிழைக் குத்தி ஹார்டனரைக் கலக்கும் 2கே கிளியர்தான் வேண்டும். குத்திவிட்டால் ஓரிரு நாளுக்குள் அடித்து முடித்துவிட வேண்டும், மிச்சம் டப்பாவிலேயே கல்லாகிவிடும். இதில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் உண்டு. துணி முகமூடி எதற்கும் உதவாது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டு, கதவைத் திறந்து வைத்து அடியுங்கள். பென்சில்வேனியா குளிர்காலத்தில் சூடில்லாத கராஜில் இதை முயல்வது வீண். 20 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் படலம் சரியாகப் பரவாது, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிப் பள்ளங்கள்தான் மிஞ்சும்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். எல்லோரும் பக்கங்களை முடித்துவிட்டுக் கடைசியாக உச்சியை அடிப்பார்கள். ஸ்டீலர்ஸுக்கு அது தப்பான வரிசை. உருண்டையான பொருளில் அடிக்கும்போது தூவானம் எதிர்ப்பக்கம் போய் உட்காரும். ஏற்கெனவே இறுகத் தொடங்கிய இடத்தில் விழுந்தால் சொரசொரப்பாகும். அதனால் முதலில் விளிம்புகளும் காதுத் துளையும், பிறகு வலப்பக்கம், உச்சி, கடைசியில் இடப்பக்கம். ஈரம் மிச்சமிருக்கும் கடைசிப் பகுதி அதுவாக இருக்கட்டும். சொரசொரப்பு விழ வேண்டுமென்றால் லோகோவுக்கு அடியில் விழட்டும்.

ஒரு நாள் முழுசாக விட்ட பிறகே வாட்டர் பேப்பர். அவசரப்பட்டால் பாலிஷ் வந்த மாதிரி வந்து, மறுநாள் மங்கிப்போகும். முதலில் ஓட்டை விளிம்புகள், ஷெல்லின் கீழ் விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப்; விளிம்பில் கிளியர் மெலிசாகத்தான் நிற்கும், இரண்டு தேய்ப்பில் காணாமல் போகும். 1500 தாளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த நீரில் தேய்க்க வேண்டும். துடைத்துப் பார்த்தால் மங்கலான பரப்பில் மினுமினுப்பான புள்ளிகள் தெரியும். அவைதான் பள்ளங்கள். புள்ளி ஒன்றும் இல்லாமல் பரப்பு முழுதும் ஒரே மங்கலாகும்வரை 2000க்குப் போகாதீர்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இங்கேதான்: புள்ளிகள் பாதி இருக்கும்போதே அடுத்த தாளுக்குத் தாவிவிட்டு, பாலிஷ் சரியில்லை என்று பாலிஷ் போடும் காம்பவுண்டைத் திட்டுவார்கள்.

வழியும் நீரின் நிறத்தைக் கவனியுங்கள். பால் மாதிரி வெளுப்பாக இருந்தால் கிளியர் மட்டும்தான் போகிறது. சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறினால் அதே நொடியில் நிறுத்துங்கள். கிளியரைத் தாண்டிக் கறுப்புக்கு வந்துவிட்டீர்கள். அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை, திட்டாக அடித்தால் எல்லைக்கோடு தெரியும். 2000, 3000 முடிந்ததும் ஃபோம் பேடில் காம்பவுண்ட், குறைந்த வேகம். ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் சூடேறிப் பெயிண்ட் நெகிழும். சோதிக்க மொபைல் டார்ச் போதாது, அது கீறலைக் காட்டும், அலையைக் காட்டாது. நீளமான டியூப் லைட்டின் பிம்பம் எங்கே வளைகிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது நடுக்கோடு. பெயிண்ட் அடித்து ஒரு வாரமாவது ஆகாமல் எதையும் ஒட்டாதீர்கள். உள்ளிருந்து வரும் ஆவி ஸ்டிக்கருக்கு அடியில் குமிழாக நிற்கும். அச்சு வார்த்த தடத்தை நம்பி நடு பிடிக்கவும் கூடாது. விளிம்பில் பம்பர் பட்டை மாட்டும் இடங்களில், முன் பம்பர் ஓட்டைகளின் நடுவையும் பின் பம்பர் ஓட்டைகளின் நடுவையும் தையல்காரர் டேப்பால் இணைத்து, 3 மி.மீ. டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கோட்டை உச்சியில் தொடங்கி இரண்டு பக்கமும் இறக்க வேண்டும். நெற்றியில் தொடங்கினால் பிடரிக்கு வரும்போது ஒரு நூல் விலகியிருக்கும். தடிமனான 20 மில் (சுமார் அரை மி.மீ.) ஸ்டிக்கர் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். ஹேர் டிரையர் சூடு கொடுத்து, ஆறும்வரை விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

லோகோ சாயாமல் ஒட்டுவது தனி வித்தை. மேசையில் வைத்த ஹெல்மெட்டும் தலையில் இருக்கும் ஹெல்மெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. புருவத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. மேலே முன்விளிம்பு நிற்பதுதான் சரியான பொருத்தம். அந்தக் கோணம் வரும்வரை அடியில் ஃபோம் துண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, லேசர் மட்டத்தின் கோடு எழுத்துகளின் அடியில் ஓடும்படி வைத்தேன். எழுத்து பிடரிப் பக்கமும், மூன்று வைரங்கள் முகப் பக்கமும் வர வேண்டும். சோப்பு நீர் தெளித்து ஒட்டினால் நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

ஸ்டிக்கர் விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல். பிட்ஸ்பர்க்கின் பொன்நிறம் அடர்மஞ்சள்தான், பான்டோன் 1235. நகரக் கொடியிலும் அந்தக் கறுப்பும் பொன்னும்தான், பைரேட்ஸ், பெங்குவின்ஸ் அணிகளுக்கும் அதுவேதான். இருந்தும் ஒரு கடை மினுக்கும் உலோகத் தங்கத்தில் கோட்டை அனுப்புகிறது. அது நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் செய்கிறவர்களுக்கு வேண்டுமானால் ஆகும். இன்னொரு கடை ஜோடி லோகோவுக்குக் காசு வாங்குகிறது. ஒன்றே போதும் என்றாலும் விலை குறைப்பதில்லை. சரி, இரண்டாவது உதிரிக்கு ஆகும்.

ஃபேஸ்மாஸ்க் கறுப்பா சாம்பலா என்பதை முடிவு செய்ய வேண்டும். 1977இல்தான் கறுப்புக்கு மாறினார்கள். 1972 டிசம்பர் 23 அன்று ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் பிடித்தோடி, எதிரணியான ரெய்டர்ஸின் வயிற்றில் அடித்த அந்தப் பந்து, ஸ்டீலர்ஸ் வென்ற முதல் இரண்டு சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகள், எல்லாமே சாம்பல் காலம். ஸ்டீலர்ஸ் வீரர் ஜாக் லாம்பர்ட்டின் 58ஆம் எண்ணை ஒட்டினால் இரண்டு நிறமும் பொருந்தும், ஆனால் விஎஸ்ஆர்-4 ஷெல்லில் 70களை ஒட்டுவது வரலாற்றுக்காரர்களுக்குப் பிடிக்காது. இப்போதைக்குக் கறுப்பு. பழைய கம்பியின் வினைல் உறை காதோரம் உரிந்திருக்கிறது. அதன் மேலேயே பெயிண்ட் அடித்தால் ஒட்டிப் பிடிக்காது, முழுதும் உரித்துவிட்டு பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்க வேண்டும். ஒரு கம்பிக்காக யாரும் அடுப்பைச் சூடாக்க மாட்டேன் என்கிறார்கள், கறுப்பு அடிக்கும் வேறு வேலைகள் சேரும்வரை கம்பி காத்திருக்கிறது.

அதற்குள் அடுத்த ஷெல்லும் வந்து இறங்கிவிட்டது. 1962இன் பொன்மஞ்சள் ஹெல்மெட், எழுத்து 'ஸ்டீல்' என்று மட்டும் இருக்கும் பழைய சின்னத்தோடு. 1963இல்தான் அது 'ஸ்டீலர்ஸ்' ஆனது என்பதால் கடையில் கிடைக்கிற லோகோ ஆகாது, தனியாக அச்சடிக்க வேண்டும். மஞ்சள் நிறமிகள் மறைக்கும் சக்தி குறைந்தவை. சாம்பல் பிரைமருக்கு மேல் நேராக அடித்தால் பச்சைப் பூத்த அழுக்கு மஞ்சள்தான் வரும். முதலில் வெள்ளை இரண்டு பூச்சு, அதற்கு மேல் மஞ்சள் குறைந்தது நாலு பூச்சு வேண்டியிருக்கும்.