சேட்டக் ஃபுட்போர்டு: மூன்றாவது முறையும் ஓட்டை

பழைய ஸ்கூட்டரில் கால் வைக்கும் தளத்தை (ஃபுட்போர்டு) ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று சாயங்காலம் பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் மறுபடியும் ஓட்டை. நான் அடைக்கப் போனது ஒரு ரூபாய் நாணயம் அளவு. வெல்டிங்கை நிறுத்தியபோது மெதுவடை அளவு. கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வண்டி அப்பாவுடையது, 1989 பஜாஜ் சேட்டக். திருவொற்றியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளி முப்பது வருடத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எப்போதோ ஒரு டிங்கர் துருவின் மேலேயே ஃபைபரும் பட்டியும் (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, பளபளவென்று பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார். பட்டியில் காந்தம் ஒட்டாதே, வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. சேட்டக்கில் வண்டியைத் தாங்கும் தனிச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, தகட்டு உடம்பேதான் சேசிஸ். சென்டர் ஸ்டாண்டும் இந்தத் தளத்துக்கு அடியில்தான் தொங்குகிறது. இத்தனை வருடம் பட்டியை நம்பி ஸ்டாண்ட் போட்டிருக்கிறோம்!

டேங்க், ஒயரிங், நடு டன்னலில் ஓடும் கேபிள்கள் எல்லாம் வெளியே எடுத்தாயிற்று. அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதல் தடவை கெட்டது தகட்டால். "ஜிஐ ஷீட் வாங்கிக்கோங்க சார், துருவே பிடிக்காது" என்றார் கடைக்காரர். ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. நானும் வாங்கினேன். இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். மேலே பூசிய துத்தநாகம் 907-லேயே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளைப் புகை, புள்ளி புள்ளியாக ஓட்டை விட்ட வெல்டு, ராத்திரி முழுக்கத் தொண்டைக் கரகரப்பு. அந்தப் புகை காய்ச்சலையே கொண்டுவரும், விளையாட வேண்டாம். அப்புறம் துத்தநாகப் பூச்சு இல்லாத 18 கேஜ் சிஆர் ஷீட்டுக்கு மாறினேன்.

இரண்டாவது, மூன்றாவது தடவை தகட்டில் குறை இல்லை. கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் மெஷின், 0.8 மி.மீ. கம்பி, காற்றுப் படாமல் காக்க வெறும் சிஓ2 வாயு. வோல்ட்டைக் குறைத்தேன், கம்பி வேகத்தைக் குறைத்தேன், கையைத் திட்டினேன். ஒட்டு போட்ட தகடு அப்படியே இருக்கும். பழைய தகட்டின் விளிம்பு மட்டும் வெண்ணெய் மாதிரி உருகிப் பின்வாங்கும். உருகிய இடத்தை நிரப்பப் போனால் இன்னும் அரை அங்குலம் பின்வாங்கும்.

டீக்கடையில்தான் உறைத்தது. மேலே கிரைண்டரில் ஃபிளாப் வீல் (உப்புத்தாள் சக்கரம்) போட்டு வெள்ளி மாதிரி மின்ன வைத்தேனே, அடியில் பார்த்தேனா? திரும்பி வந்து சின்னச் சுத்தியலால் தட்டினேன். நல்ல தகடு "டிங்" என்கிறது, அரித்தது "பொத்". மின்னிய இடத்தில் பாதிக்கு மேல் "பொத்". காகிதக் கனத்தில் நின்ற விளிம்போடுதான் இரண்டு நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இன்று காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு இன்னும் நாலு சென்டிமீட்டர் வெட்டினேன். பழைய ஃபிரிட்ஜ் செம்புக் குழாயைத் தட்டையாக அடித்து அடியில் முட்டுக் கொடுத்தேன். சூட்டை அது இழுத்துக்கொள்கிறது, வெல்டும் செம்பில் ஒட்டாது. ஆர்க்கை (வெல்டிங் தீப்பொறியை) புதுத் தகட்டில் தொடங்கி, உருகியதைப் பழைய தகட்டுப் பக்கம் லேசாக இழுத்துவிட வேண்டும். ஒரு பொட்டு, பத்து வரை எண்ணிக்கை, எதிர்முனையில் அடுத்த பொட்டு. அவசரப்பட்டால் தகடு அப்பளமாக நெளியும். வலது பக்கம் எட்டு அங்குலம், ஒரு ஓட்டைகூட இல்லை! தேய்த்த பிறகு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவரும் பெரிதாக மதிக்கவில்லை.

நடுவில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்கும் போய் வந்தேன். ஒரு கடையில் முழு ஃபுட்போர்டையே வெட்டி வைத்திருந்தார்கள். பெயின்டைச் சுரண்டிப் பார்த்தால், பெடல் பக்கத்தில் அதே துரு. என் வண்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கிறது. டேங்கில் மாட்டும் பெட்ரோல் காக் (திறந்து மூடும் குழாய்) மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

காக் வாங்கியதும் டேங்க் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே செம்மண் மாதிரி துரு. அதைக் கரண்ட் விட்டுக் கழற்றினேன். வாஷிங் சோடா கரைசல், பழைய பேட்டரி சார்ஜர், நடுவில் டேங்கைத் தொடாமல் ஒரு இரும்புக் கம்பி. டேங்குக்கு நெகட்டிவ், கம்பிக்கு பாசிட்டிவ். ஸ்டெயின்லெஸ் கம்பி கூடாது, அதிலிருந்து விஷக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வேறு கிளம்பும், மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும். கழுவிய டேங்க் இப்போது வெயிலில் காய்கிறது.

ஆமாம், ஃபுட்போர்டே இன்னும் முடியவில்லை. வலது பக்கத்தின் அடியில் ஜிங்க் பிரைமர் பாக்கி. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். இடது பக்கத்தையும் சுத்தியலால் தட்டி, "பொத்" என்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறித்தேன். கோடு ஸ்டாண்ட் போல்ட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது.