இருபது கிலோவுக்கு இந்தப் பக்கம்

மும்பை கோட்டைப் பகுதியில் இருக்கும் செஷன்ஸ் கோர்ட்டில் பதின்மூன்று வருஷமாகப் போதைப்பொருள் வழக்குகள் நடத்துகிறேன், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். சொந்தக்காரர் கல்யாணங்களில் இதைச் சொன்னால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். அப்புறம் யாராவது ஒரு சித்தப்பா ஆரம்பிப்பார். "இதையெல்லாம் வெளிநாடு மாதிரி விட்டுடணுமா, தூக்குல போடணுமா? நீ என்னப்பா சொல்ற?" பாயசம் ஆறிவிடும் என்று நழுவிவிடுவேன்.

எங்கள் கோர்ட் பாஷையில் பிடிபட்ட சரக்குக்கு முத்தேமால் என்று பெயர். ஆரம்ப காலத்து வழக்கு ஒன்றில் அது மேசைமேல் வந்தது. காக்கித் தாள் சுற்றிய மூட்டை, முடிச்சுகளில் சிவப்பு அரக்கு, சோதனையின்போது உடனிருந்த பஞ்ச் சாட்சிகள் கையெழுத்துப் போட்ட சீட்டு. பிரித்ததும் காய்ந்த துளசியையும் பழைய கோணியையும் ஒன்றாக வைத்தது மாதிரி வாடை. பஞ்சநாமாவில், அதாவது பறிமுதல் மகஜரில், இருந்த எடை 21 கிலோ 400 கிராம். என் கட்சிக்காரர் விழுப்புரம் பக்கம், கட்டட வேலை. பையை தாதரில் ஒருவரிடம் கொடுத்தால் மூவாயிரம் ரூபாய் என்று சொல்லி யாரோ ரயிலேற்றி விட்டிருந்தார்கள்.

அந்த 1400 கிராம்தான் அவர் தலையெழுத்து. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. தாண்டாவிட்டால் அதிகபட்சம் 10 வருஷம். தாண்டினால் குறைந்தபட்சமே 10 வருஷம், ஜாமீன் குதிரைக்கொம்பு. ஆனால் 1985இல் வந்த அதே போதைப்பொருள் சட்டம், கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி என்கிறது. நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கணக்கில் வராது. உத்தரப்பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் கஞ்சா இலையை அரைத்த பாங்கு விற்க முடிவது இந்த ஓட்டை வழியாகத்தான். மூட்டையில் விரல் தடிமனுக்குத் தண்டு, அடியில் உதிர்ந்த இலை. "பிரித்து எடை போட்டீர்களா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன். இல்லை என்றார் அதிகாரி. ஜட்ஜ் அதைக் குறித்துக்கொண்டார். வணிக அளவு நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் உள்ளே கழிந்திருந்த நாலே கால் வருஷத்தையே தண்டனையாக எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தவர் கேட்டார்: "சார், தண்டு இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா சீக்கிரமே வந்திருப்பேனா?" கிண்டலா சந்தேகமா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பைக்குச் சொந்தக்காரன் யாரென்று அந்த நாலே கால் வருஷத்தில் யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

தாராவியில் வளர்ந்தவனுக்கு, தடை போட்டால் சரக்கு ஒழிந்துவிடும் என்று நம்புவது கஷ்டம். விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார் பெரிய தாதா ஆனது பம்பாயின் மதுவிலக்குக் காலத்தில், கள்ளச்சாராயத்தில்தான். எங்கள் தெருப் பெரியவர்கள் அவரைத் திட்டினாலும் குரலில் ஒரு மரியாதை இருக்கும். 1949ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மும்பையில் விஸ்கி குடிக்கச் சட்டப்படி பர்மிட் வேண்டும். வக்கீலாகிய நானே எடுத்ததில்லை. அப்படியும் 2015இல் மும்பை மால்வணியில் கள்ளச்சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றது.

அதனால் கஞ்சாவை உரிமம், வயது வரம்பு, வரி என்று கடைக்குக் கொண்டுவந்துவிடலாம் என்பது என் கட்சி. எந்தச் சரக்கானாலும், உபயோகிக்கிறவனை ஜெயிலில் போடுவதில் அர்த்தமில்லை. போர்ச்சுகல் 2001இலேயே அப்படி மாறியது. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி மாறி, 2024இல் திரும்பவும் குற்றமாக்கிவிட்டது. எதிர்ப்பக்கம் பேசுகிறவர்கள் ஒரிகானைத்தான் நீட்டுவார்கள், நீட்டட்டும். எம்டி என்று எல்லோரும் சொல்லும் மெஃபெட்ரோன் என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கு மட்டும் கடை கூடாது. 2015இல்தான் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்தது. அதற்கு முன்னால் அது இந்த நகரத்துப் பிள்ளைகளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்திருக்கிறேன்.

இந்த நியாயமெல்லாம் போன வருஷம் ஒரு அம்மாவிடம் செல்லவில்லை.

திருநெல்வேலிக்காரர். விடியற்காலையில் இட்லி அவித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கிறவர். மகனுக்கு இருபத்திரண்டு வயசு, கையில் எம்டியோடு பிடிபட்டிருந்தான். வணிக அளவு இல்லை. "ஜாமீன் கிடைச்சிடும்மா" என்றேன். அவர் முகம் மலரவில்லை. "கொஞ்சம் மெதுவா போடுங்க தம்பி. உள்ள இருந்தா சோறு திங்கான். நேத்துப் பாத்தேன், கன்னத்துல சதை வச்சிருக்கு."

சிகிச்சைக்குத் தானாக முன்வருகிறவனை வழக்கிலிருந்து விடுவிக்க 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது என்றேன். அதை வைத்து நான் வெளியே கொண்டுவந்தது மொத்தமே இரண்டு பேர் என்பதைச் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில எத்தனை நாள் வச்சுக்கிடுவாங்க?" என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். "அப்புறம்?" என்றார். "அவங்க அப்பனைக் குடி கொன்னுச்சு. அதுக்குக் கவர்மென்ட்டே லைசென்ஸ் குடுக்கு. இதுக்கும் கடை திறக்கணும்னு நீங்க பேசுதீங்களாமே?" யாரோ ஜூனியர் உளறியிருக்க வேண்டும்.

மனுவை மெதுவாகப் போடவில்லை. போடக்கூடாது, என் கட்சிக்காரன் மகன்தானே தவிர அம்மா இல்லை. ஜாமீன் வந்தது, ரொக்கப் பிணை 25,000 ரூபாய். தகவல் சொன்னபோது, பணம் புரட்டணும் என்றார். வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. பத்தொன்பதாம் நாள் காலையில் எவர்சில்வர் தூக்கோடு வந்து மேசையில் வைத்தார். உள்ளே நாலு இட்லி, சட்னி. முந்தானையிலிருந்து எடுத்த பணத்தில் பத்தாயிரம், வங்கிச் சீட்டுக் கட்டே பிரிக்காத நூறு ரூபாய் நோட்டு. சீட்டில் ஜாமீன் உத்தரவுக்கு மறுநாள் தேதி முத்திரை குத்தியிருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் ரசீது எழுதினேன்.