ஹம்பர் ஆற்றோரம் ஆறுதலாக நடக்க

ரொறன்ரோவுக்கு வந்த முதல் வருடத்தில் பலரைத் தடுமாற வைப்பது குளிரைவிட நேரம்தான். ஜூன் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். போதாததற்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னுக்கு இழுக்கிறார்கள். உடம்பு இதற்குப் பழக ஒரு வழி, ஒரே ஆற்றங்கரையில் நாலு பருவமும் நடப்பது. புதிதாக வந்தவர்களையும், ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போக ஹம்பர் நல்ல தோது.

சப்வே இரண்டாம் பாதையில் ஓல்ட் மில் நிலையத்தில் இறங்கிச் சரிவில் கொஞ்சம் நடந்தால் கல்வளைவுப் பாலம் வரும். 1916இல் கட்டியது, அதற்கு முந்திய பாலத்தை ஆற்றுப் பனிக்கட்டி அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்து வடக்கே, எற்றியன் புரூலே பூங்கா வழியாக டன்டாஸ் வீதிப் பக்கம் போய்த் திரும்பலாம். நின்று பார்த்து நடப்பதற்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பின்னால் வருபவர்கள் வீட்டு வாடகை, வேலை, பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டை என்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கதைக்கும் இடம் வேண்டும்தான், அது திரும்பும் வழியில். போகும்போது முதல் கால் மணித்தியாலம் பேச்சில்லை, போன் பையில். பாதையில் சைக்கிளும் வரும்; இங்கே வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். இடப்பக்கம் ஒதுங்கியே பழகிய நம்மவர்கள் மணிச்சத்தம் கேட்டதும் நேரே சைக்கிளுக்கு முன்னால் பாய்வார்கள். இதை மட்டும் நடக்க முன்பே சொல்லிவிடுங்கள்.

கரை அரித்த இடங்களில் சாம்பல் நிறக் களிப்பாறை ஏடு ஏடாகத் தெரியும். விரலால் தொட்டாலே உதிரும். இடையிடையே நீட்டிக்கொண்டு நிற்பது உறுதியான சுண்ணாம்புப் பட்டை. இவை ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. உற்றுப் பார்த்தால் சிப்பி அச்சுகள் தென்படும். பாருங்கள், எடுக்காதீர்கள். செங்குத்தான கரைக்கு நேர் கீழே நிற்கவும் வேண்டாம். மழைக்குப் பிறகும் பனி உருகும்போதும் ஏடுகள் சரியும். கிழக்குக் கரை மேட்டில், பேபி பொயின்ற் பக்கம், 17ஆம் நூற்றாண்டில் செனக்கா என்ற பூர்வகுடி மக்களின் தெயாயகன் ஊர் இருந்தது. வந்தேறிகளாகிய நாம் அதை அறிந்துகொண்டு நடப்பது நல்லது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு சின்ன வேலை. கரையோரம் பத்து மீற்றர் அளந்து இரண்டு குச்சி நட்டு, மேல் குச்சிக்கு நேரே ஒரு இலையை விடுங்கள். இருபது நொடியில் கீழ்க் குச்சியைக் கடந்தால் நொடிக்கு அரை மீற்றர் வேகம். மூன்று தரம் விட்டுச் சராசரி எடுங்கள். கரையோரமாகப் போகும் இலை சுழியில் மாட்டி வீண்போகும். அந்தக் கணக்கை வைத்து இலை ஒன்ராறியோ ஏரிக்கு எப்போது போய்ச்சேரும் என்று சொல்ல முடியாது. ஓல்ட் மில்லுக்குக் கீழே ஆறு ஏரி மட்டத்துக்கு வந்து சோம்பிவிடுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இலை வேலையைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடுவரை சினூக் சால்மன் ஏறும். மழை பெய்து நீர் கொஞ்சம் உயர்ந்த மறுநாள் தாழ்ந்த தடுப்பணையருகே நில்லுங்கள். மீன் துள்ளி, சீமெந்தில் மோதி விழுந்து, மறுபடி துள்ளும். முட்டையிட்டதும் அவை செத்துவிடும், ஆகவே கரையில் நாறிக் கிடக்கும் மீனைப் பார்த்து ஆறு நஞ்சாகிவிட்டதென்று பயப்படாதீர்கள். கறுப்பு வால்நட் காய்களும் அப்போதுதான் விழும்; தோலை உரித்தால் கைக்கறை நாட்கணக்கில் போகாது.

இந்தப் பள்ளத்தாக்கில் வீடில்லாமல் பூங்காவாக இருப்பதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் மழையில் ஹம்பர் பெருகி, மேலே ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோவில் மொத்தம் 81 பேர். அதன் பின்புதான் வெள்ளச் சமவெளி நிலங்களை வாங்கிக் கட்டடங்களைத் தடுத்தார்கள். சுனாமியையும் வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள்.

குளிர்காலத்தில் நிறுத்தம் ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடக்கும்போது சூடாக இருந்த உடம்பு நின்றதும் விறைக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கெதியாக. சப்பாத்தில் மாட்டும் இரும்புமுள் பட்டி கட்டாயம். உறைந்த ஆற்றில் கால் வைக்க யாரையும் விடாதீர்கள். ஓடும் நீரின் மேல் பனி ஒரு இடத்தில் தடிப்பாகவும் இரண்டடி தள்ளி மெல்லிசாகவும் இருக்கும். மார்ச் உருகலில் மழையும் சேர்ந்தால் கட்டிகள் பெயர்ந்து கரைக்கு ஏறும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் பாலத்துக்கு மேல் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கோடையில் புல்லுக்குள் இறங்காமல், காலுறைக்குள் களிசானைச் செருகி நடந்தால் உண்ணி ஏறுவது குறையும். மூன்றிலையாக நிற்கும் செடி பொய்சன் ஐவியாக இருக்கலாம், பட்டால் தோல் அரிக்கும்; தொடாதீர்கள். தொட்டுவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பூங்காக் கழிப்பறைகள் பல குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், ஆகவே எல்லாரும் வீட்டிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள்.