டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர விண்ணப்பித்திருக்கிறேன்

நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேசிப் பழகுவதற்கான கிளப் இது. விண்ணப்பத்தில் "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்கள். "பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. எழுத உட்கார்ந்தால் ஆங்கிலம் வருகிறது, எழுந்து நின்றால் வரமாட்டேன் என்கிறது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

1924இல் அமெரிக்காவின் சான்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்தது இது. இப்போது நம் ஊர்களிலும் நிறைய கிளப்கள் இருக்கின்றன.

போன வாரம் விருந்தினராகப் போயிருந்தேன். பேசுகிறவர்கள் எத்தனை முறை "ஆ", "ம்ம்" என்று இழுக்கிறார்கள் என்று எண்ணவே தனியாக ஒருவர்! இன்னொருவர் நேரம் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுகிறார். அப்புறம், தலைப்பை அங்கேயே கொடுத்து இரண்டு நிமிடத்துக்குள் பேசச் சொல்கிறார்கள். எனக்கு "மழை". எங்கள் ஊர் ஏரி நிரம்பிய கதையைச் சொன்னேன். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை, எடுத்தும் கொடுக்கவில்லை. காத்திருந்தார்கள். சேர வேண்டும் என்று முடிவு செய்தது அந்த நொடியில்தான்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் ஏறாது என்பது சுத்தப் பொய். பேசிப் பழக ஆள் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

சேர்த்துக்கொண்டால் முதல் பேச்சு "ஐஸ் பிரேக்கர்". 4 முதல் 6 நிமிடம், நம்மைப் பற்றியே பேச வேண்டும். அம்மாவின் பூக்கடையில் வளர்ந்ததைச் சொல்லப்போகிறேன்.

18 வயது ஆனவர்கள் சேரலாம். வகுப்பில் பதில் தெரிந்தும் வாய் திறக்காத தோழிகளே, அடுத்த கூட்டத்துக்கு என்னோடு சும்மா வந்து பாருங்கள். இன்பாக்ஸில் சொன்னால் சேர்ந்தே போகலாம்.