பட்டை சரியில்லை என்றால் ராட்டை என்ன செய்யும்?

ஆரம்பம் ஒரு கிழிந்த தலையணை. பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது ஒரு வாளி நிறைய இலவம்பஞ்சு மிஞ்சியது. எப்போதோ கதர்க் கடையில் ஆசைக்கு வாங்கிய பித்தளைத் தக்களி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சின்னக் கதிர்) ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. பஞ்சும் இருக்கிறது, தக்களியும் இருக்கிறது, அப்புறம் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வீட்டில் எல்லோரும் தும்மினார்கள். நூல் ஒரு சாண்கூட வரவில்லை.

இலவம்பஞ்சில் நூல் வராது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் இழை வழுவழுப்பு. மேலே மெழுகு, உள்ளே வெறும் காற்று. முறுக்கினால் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும், கொஞ்சம் அழுத்தினால் ஒடியும். பருத்தி இழை வேறு சாதி. காய் வெடித்துக் காயும்போது இழை தட்டையாகி, தானாகவே திருகிக்கொள்கிறது. அந்தத் திருகல்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதால்தான் நம்மால் அதை நூலாக்க முடிகிறது.

அடுத்து மருந்துக்கடைப் பஞ்சு. இதில் நூல் வந்தது, ஆனால் எலியை விழுங்கிய பாம்பு மாதிரி. இரண்டு அங்குலம் மயிரிழை, அடுத்த அங்குலம் சுண்டுவிரல் தடிமன். அந்தப் பஞ்சை வெளுத்து, இயற்கையான மெழுகை எடுத்துவிட்டு, உறிஞ்சுவதற்காகத்தான் செய்கிறார்கள். இழையும் பெரும்பாலும் குட்டை. விளாத்திகுளத்திலிருந்து வந்திருந்த பெரியம்மா அந்த நூலைக் கையில் வாங்கிப் பார்த்தார். "திரிக்கு ஆகும்" என்று சொல்லி, கத்தரித்து விளக்குக்கு எடுத்துக்கொண்டார்.

பெரியம்மாவுக்கு இப்போது 78 வயது. ஐம்பதுகளில் அவர் படித்த ஆதாரப் பள்ளியில் நூற்பும் ஒரு பாடம். தக்களியைத் தரையில் சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய் ஒரு கொட்டாங்கச்சியைக் கொண்டுவந்து வைத்தார். தக்களியின் முனை அதன் குழியில் நின்றால் ஓடாது, சாயாது. விரலுக்குக் கொஞ்சம் விபூதியும் தொட்டுக்கொள்ளச் சொன்னார். வியர்வைக் கையில் பஞ்சு ஒட்டாமல் இருக்க அதைவிட நல்ல வழியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"பஞ்ச நீ இழுக்காதல. முறுக்கு ஏறட்டும், கையப் பின்னால கொண்டு போ. அது தானா வரும்."

தானாக எல்லாம் வரவில்லை. ஜனவரி முடிவில் 5 கிராம் நூற்றிருந்தேன். நீளம் 42 மீட்டர். இதை வைத்து நூலின் நம்பரைக் கணக்குப் போடலாம். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் கண்டுகள்) ஒரு பவுண்டில் எத்தனை என்பதுதான் நம்பர்; நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நம் அளவில் சொன்னால், ஒரு கிராமில் 1.69 மீட்டர் இருந்தால் அது ஒன்றாம் நம்பர். என் நூல் கிராமுக்கு 8.4 மீட்டர், அதாவது ஐந்தாம் நம்பர். சமுக்காளத்துக்கு ஆகும் தடிமன், ஆனால் சமுக்காளம் தாங்கும் பலம் இல்லை. 1924-இல் பெல்காமில் கூடிய காங்கிரஸ் மாநாடு, உறுப்பினர்கள் சந்தாவாக மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதி வைத்தது. அடுத்த வருஷமே அதைத் தளர்த்த வேண்டிவந்தது ஏன் என்று எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

தக்களி மெதுவாக ஓடுவதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பருத்தி குட்டை இழை. அதற்கு முறுக்கு நிறைய வேண்டும், முறுக்குக்கு வேகம் வேண்டும். ஆகவே பெட்டி ராட்டை. பிப்ரவரியில் பழைய சாமான் விற்பவரிடம் 1,200 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. மூடினால் தடிமனான புத்தகம் மாதிரி இருக்கும். காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில், 1930 வாக்கில் உருவான அமைப்பு. உள்ளே இரண்டு சக்கரங்கள். கையால் சுற்றும் பெரிய சக்கரம் கயிறு வழியாகச் சின்னதை ஓட்டும், சின்னது கதிரை, அதாவது நூலை முறுக்கும் கூரான கம்பியை, ஓட்டும். கதிரில் மையால் ஒரு புள்ளி வைத்து, மெதுவாகச் சுற்றி எண்ணினேன். என் பெட்டியில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் கதிர் ஏறக்குறைய எண்பது சுற்று. (பல கதிர்கள் ஒன்றாக ஓடும் அம்பர் ராட்டை பற்றியும் ஒரு சபலம் வந்தது. அதை உருவாக்கியவர் நம் ஊர் ஏகாம்பரநாதன், 'அம்பர்' அவர் பெயருக்குள்ளிருந்து வந்தது. ஆனால் வீட்டில் அதை வைக்க இடம் கேட்டால் எனக்கே இடம் இருக்காது.)

வந்த ராட்டையில் கதிர் வளைந்திருந்தது. கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒரு பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். வளைந்த கதிரில் ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் வெட்டி இழுபடும். புதுக் கதிர் வாங்கி மாட்டினேன், கயிறு வழுக்காமல் இருக்கத் தேன்மெழுகு தேய்த்தேன், அச்சுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். ராட்டை குழந்தை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது.

நூல் மட்டும் அறுந்துகொண்டே இருந்தது.

இங்கேதான் முழுசாக மூன்று வாரம் வீணாக்கினேன். கயிற்றை இறுக்கினேன், தளர்த்தினேன். உட்காரும் பலகையை உயர்த்தினேன். கதிரை இன்னொரு முறை மாற்றினேன். கதிர் முனைக்கும் நூலுக்கும் உள்ள கோணம் என்று ஒன்று இருக்கிறது. முனையிலிருந்து நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக் டிக்' என்று நழுவ வேண்டும். கோணம் தப்பினால் முறுக்கு ஏறுவதற்குப் பதில் நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். அதையும் பழகினேன். ஒரு வீச்சு நூற்று முடித்ததும் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, முனையில் இருக்கும் சுருளை அவிழ்த்து, பிறகு உள்ளே சுற்ற வேண்டும். அதுவும் கைக்கு வந்தது. அறுவது நிற்கவில்லை. ஒரு நாள் எண்ணினேன்: 2 கிராம் பட்டைக்கு, அதாவது நூற்பதற்காகச் சுருட்டிவைத்த பஞ்சுக்கு, 19 முறை.

பெரியம்மா போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "பட்டை யார் போட்டது?"

கடையில் வாங்கியது. ஒரு கடையின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கட்டி, எத்தனை மாதம் எந்த மூட்டைக்கு அடியில் கிடந்ததோ. ஒரு பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நடுவில் கட்டி, ஓரத்தில் ஒன்றுமில்லை. இழைகள் ஈரத்தில் உலர்ந்த முடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் கையைப் பின்னால் கொண்டுபோகும்போது பத்து இழை நகர வேண்டிய இடத்தில் கொத்தாக நூறு வருகிறது, அடுத்த கணம் ஒன்றும் வருவதில்லை. ராட்டை பாவம், கொடுத்ததைத்தான் முறுக்குகிறது.

மார்ச்சில் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பை பருத்தி வந்தது. கருங்கண்ணி. அந்தப் பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற நாட்டு ரகம். இழை குட்டை, ஆனால் கொஞ்சம் முரட்டுத்தனம் இருப்பதால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கொட்டையோடு ஒரு கிலோ. கொட்டையை எடுத்தால் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்பதை யாரும் முன்பே சொல்லியிருக்கலாம். சப்பாத்திப் பலகையில் பருத்தியைப் பரப்பி, ஒரு இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் பிதுங்கி விழும். முதல் மாலை இரண்டு மணி நேரத்தில் 30 கிராம் பஞ்சு கிடைத்தது. உள்ளங்கை இரண்டு நாள் வலித்தது.

பஞ்சு அடிக்க வில் வேண்டும். எனக்கு வில் அமையவில்லை. செல்லப்பிராணிக் கடையில் நாய்க்கு முடி வாரும் கம்பிச் சீப்பு இரண்டு வாங்கினேன். ஒன்றில் பஞ்சைத் தடவி, இன்னொன்றால் மெல்ல வாரி எடுக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு தடவை போதும். ஆர்வக்கோளாறில் பத்துப் பதினைந்து தடவை வாரினால் இழைகள் அறுந்து, பஞ்சு முழுக்க அரிசிக் குறுணை மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள் வந்துவிடும். பிறகு அந்த மெல்லிய படலத்தைப் பலகையில் போட்டு, உடைந்த குடையின் கம்பியில் சுருட்டி, கம்பியை உருவிவிட்டால் பட்டை தயார். இறுக்கிச் சுருட்டக் கூடாது, ஊதினால் அசைய வேண்டும்.

ஒரே நாள், ஒரே ராட்டை, அதே கை. கடைப் பட்டை 2 கிராம், என் பட்டை 2 கிராம். கடைப் பட்டையில் அன்றைக்கு 16 அறுவு. என்னுடையதில் 4. அப்புறம் அந்தக் கடைப் பட்டைகளையே பிரித்து, சீப்பில் வாரி, திரும்பச் சுருட்டிப் பார்த்தேன். 6. பஞ்சில் பெரிய குற்றமில்லை; அமுங்கிக் கிடந்ததுதான் குற்றம். மூன்று வாரம் நான் கதிரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்கிடையில் நண்பர் ஒருவர் மில்லிலிருந்து கொஞ்சம் சுவின் பட்டை கொண்டுவந்து கொடுத்தார். கோயம்புத்தூரில் சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் கலந்து 1974-இல் வெளியிட்ட ரகம், இரண்டு பெயரின் முன்பாதியும் சேர்ந்ததுதான் சுவின். இழை ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர், பட்டு மாதிரி வழுக்குகிறது. இதில் என் கருங்கண்ணிப் பழக்கம் எடுபடவில்லை. விரலைக் கதிர்ப் பக்கம் நெருக்கிப் பிடித்தால், ஒரே இழையின் இரண்டு முனையையும் நானே பிடித்திருக்கிறேன், அது எப்படி நகரும்? பிடியைத் தளர்த்தி, தூரத்தைக் கூட்டிய பிறகு நகர்ந்தது. மிக மெல்லியதாக வந்தது. ஆனால் எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. பணக்கார வீட்டு விசேஷத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கருங்கண்ணிக்கே திரும்பிவிட்டேன்.

ஏப்ரல், மே இரண்டும் மதுரை வெயில். மின்விசிறியைப் போட்டால் பட்டை பறக்கிறது, போடாவிட்டால் நான் கரைகிறேன். மதியத்தின் காய்ந்த காற்றில் அறுவும் அதிகம், பஞ்சுக்குக் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். ஆகவே காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை. ஒரு மணிக்கு எழுபது, எண்பது மீட்டர் வருகிறது. முறுக்கு போதுமா என்று பார்க்க ஒரு முழம் நூலைத் தளரவிடுகிறேன். தானே மடிந்து பின்னிக்கொண்டால் சரி.

நூற்றதை அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்த பலகையில் சுற்றிச் சிட்டமாக்கி, சலவைச் சோடா ஒரு சிட்டிகை போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்தேன். முதலில் நூல் தண்ணீரில் மிதந்தது, மெழுகு போகப் போக மூழ்கியது. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. காயவைத்தபோது சுருட்டைத்தனம் அடங்கியிருந்தது. கடைசியாக எடுத்த அளவு: 10 கிராமில் 237 மீட்டர். பதினாலாம் நம்பர்.

போன வாரம் அந்தச் சிட்டங்களைத் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துச் சுண்டினார். ஒரு இடத்தில் அறுந்தது. இன்னொரு இடத்தில் சுண்டினார், நின்றது.

"பாவுக்கு ஆகாதுங்க. ஊடைக்கு ஓட்டிப் பார்க்கலாம்" என்றார். பாவு தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல், ஊடை குறுக்கே ஓடும் நூல்.

ஒரு துண்டுக்கு ஊடை எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். 80 கிராமாவது கொண்டுவாருங்கள் என்றார். என்னிடம் இருந்தது 34. கொட்டை எடுக்காத பருத்தி இன்னும் அரைப் பை இருக்கிறது, சப்பாத்திப் பலகையை மட்டும் வீட்டில் திரும்பக் கேட்கிறார்கள்.