கிழப் பூனையும் சிறுநீரக நோயும்: கண்டுபிடிப்பதிலிருந்து வீட்டு ட்ரிப்ஸ் வரை

பத்து வயதைத் தாண்டிய பூனை கொஞ்சம் மெலிந்தால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். வயதானால் மட்டும் பூனை மெலிவதில்லை. தண்ணீர் அதிகம் குடிப்பதும், பீரோ மேல் ஏறாமல் தரையிலேயே படுப்பதும், ராத்திரியில் காரணமில்லாமல் கத்துவதும் அப்படித்தான். பின்னால் ஏதோ ஒரு நோய் இருக்கும். கிழப் பூனைகளிடம் அடிக்கடி பார்ப்பது நாள்பட்ட சிறுநீரக நோய். இங்கே சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வலியோடு இருக்கும் பூனையும் மடியில் படுத்துக் குர்குர் என்று சத்தம் போடும். சாகப்போகும் பூனை வீட்டைவிட்டுப் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். உடம்பு முடியாத பூனை கட்டிலடியிலும் பரணிலும் ஒளிந்துகொள்ளும் என்பதுதான் அதில் உள்ள உண்மை. முகத்தைவிடத் தண்ணீர்க் கிண்ணத்தையும் மண் தட்டையும் எடை மெஷினையும் நம்பலாம்.

தண்ணீரை அளப்பது சுலபம். காலையில் 300 மி.லி. ஊற்றி வைத்து, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்க வேண்டும். பூனைக்கு எட்டாத இடத்தில் அதே மாதிரி இன்னொரு கிண்ணமும் வைத்தால் வெயிலில் எவ்வளவு ஆவியாகிறது என்று தெரிந்துவிடும். மே மாதத்தில் இப்படிக் கழிக்க வேண்டியது சின்னதாக இருக்காது. பாத்ரூம் கதவை மூடி வையுங்கள், வாளித் தண்ணீர் குடிக்கிற பழக்கம் பல பூனைகளுக்கு உண்டு. உலர் தீனி மட்டும் தின்னும் பூனை ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 மி.லி.யைத் தாண்டிக் குடித்தாலே கவனிக்க வேண்டும், 100 மி.லி.யைத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம், நோய்தான். மீனும் கோழியும் ஈரமாகத் தின்னும் பூனை கிண்ணத்தைத் தொடுவதே குறைவு என்பதால், அது திடீரென்று கிண்ணத்தருகே நிற்க ஆரம்பித்தால் அளக்காமலே டாக்டரிடம் போகலாம். இரண்டு மூன்று பூனை உள்ள வீட்டில் யார் எவ்வளவு குடித்தது என்று பிரிக்க முடியாது. அங்கே கட்டிபிடிக்கும் பென்டோனைட் மண் உதவும்: எலுமிச்சை அளவு இருந்த கட்டிகள் ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்தால் சிறுநீர் அதிகம் போகிறது என்று பொருள். ஆற்று மணலில் இது தெரியாது.

சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யாமல் போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைகிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ஏறுகிறது. அதனால், "கிரியேட்டினின் நார்மல்" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. சிறுநீரின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்கு அது பொதுவாக 1.035க்கு மேல் இருக்கும்.

எடைக்குக் குழந்தைகளை எடை பார்க்கும் மெஷின் நல்லது. ஆள் ஏறி நிற்கும் மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிப்பவர்கள் உண்டு. அதில் நூறு இருநூறு கிராம் வித்தியாசம் காணாமல் போய்விடும், நமக்குத் தேவையே அந்த வித்தியாசம்தான். 4 கிலோ பூனை 3.6 ஆவது, 60 கிலோ ஆள் 54 ஆவதற்குச் சமம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்து நோட்டில் எழுதினால் போதும். கூடவே முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். தொப்பை அப்படியே இருக்க, முதுகில் மட்டும் சதை கரைந்து எலும்பு கத்திமுனை போலத் தட்டுப்படும். முடி அடர்ந்த பூனையில் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இதே அடையாளங்களோடு வேறு நோய்களும் வரும். நிறையச் சாப்பிட்டும் மெலிந்து, ஓயாமல் அலைந்து கத்தினால் தைராய்டு. தண்ணீரும் பசியும் கூடி, பின்னங்கால் குதிகால் தரையில் பட நடந்தால் சர்க்கரை. தீனியருகே ஆசையாக வந்து, ஒரு வாய் கடித்ததும் தலையை உதறி ஓடினால் பல். தட்டுக்கு வெளியே மலம் கழித்தால் பூனைக்குத் திமிர் என்று நினைக்காதீர்கள், மூட்டுவலியில் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் இருக்கலாம். ஒரு பக்கத்தை 7, 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். வலியைக் கணிக்க கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2019இல் ஒரு முறை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் நிலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு 4 வந்தாலே வலிமருந்து பற்றிப் பேச வேண்டும்.

மருந்து என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீட்டு டப்பாவில் இருக்கும் பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, கால் மாத்திரைகூட. அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் கிட்டத்தட்டக் கிடையாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு சாக்லேட் நிறமாகும், முகம் வீங்கும், உயிர் போய்விடும். புரூஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் சிறுநீரகத்தைக் காலிசெய்யும்.

காலையில் போகலாம் என்று காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது. பின்னங்கால் திடீரென்று விழுந்து, பாதம் சில்லிட்டு, அலறுவது. ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுக்கூட வராமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு நாளைத் தொலைக்கிறார்கள். அடைப்பாக இருந்தால் அந்த ஒரு நாளே உயிருக்கு ஆபத்து. அடுத்து, 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடாவிட்டால் டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய டெஸ்ட்: கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், ரத்த அணுக்களின் அளவு, எஸ்.டி.எம்.ஏ. (சிறுநீரகக் கோளாறைக் காட்டும் இன்னொரு ரத்த டெஸ்ட்), டி4 (தைராய்டு டெஸ்ட்), சிறுநீரில் அடர்த்தியும் புரதமும், பிறகு ரத்த அழுத்தம். பூனைக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாக் கிளினிக்கிலும் இருக்காது. சென்னையில் வேப்பேரி, வெளியூரில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம். ரத்த அழுத்தம் 160ஐத் தாண்டினால் மருந்து தேவைப்படும், 180ஐத் தாண்டினால் கண் பார்வைக்கே ஆபத்து. கருவிழி விரிந்தபடியே நின்று, பூனை சுவரில் முட்டிக்கொண்டால் அன்றே ஓட வேண்டும். டாக்டர்கள் வழக்கமாகத் தொடங்குவது அம்லோடிபின் 0.625 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரையில் கால்வாசி.

வீட்டிலேயே சிறுநீர் பிடிக்க மண்ணைக் கொட்டிவிட்டு, தட்டைச் சோப்பு வாடை போகக் கழுவி, மீன்தொட்டிக் கல்லைக் கழுவி ஒரு கைப்பிடி போட்டு வைத்தால் போதும். சிரிஞ்சால் உறிஞ்சி, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்க வேண்டும். தொற்று இருக்கிறதா என்று கல்ச்சர் பார்ப்பதானால் இது செல்லாது, டாக்டர் ஊசியால் எடுக்க வேண்டும். போகும் வழியில் பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்காராதீர்கள். ஒரு ஹார்ன் சத்தம் போதும்.

ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.6 முதல் 2.8 வரை சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை, 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. ஒரே டெஸ்டை வைத்து நிலையைச் சொல்லக் கூடாது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் எண் கூடும். ட்ரிப்ஸ் ஏற்றித் தேறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். சதை கரைந்த பூனைக்கு எண் குறைத்துக் காட்டும். தைராய்டும் சேர்ந்திருந்தால் சிறுநீரகக் கோளாறு அதன் பின்னால் ஒளிந்திருக்கும், தைராய்டு மருந்து ஆரம்பித்த சில வாரத்தில் கிரியேட்டினின் ஏறும். மருந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

சாப்பாட்டில் முதல் எதிரி பாஸ்பரஸ். கருவாடு, மீன் முள், எலும்பு, பால் எல்லாம் நிற்க வேண்டும். சிறுநீரகத் தீனி என்று தனியாக விற்பதற்குச் சில வாரம் எடுத்து, பழைய தீனியோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும். குமட்டல் இருக்கும்போது மாற்றினால் அந்தத் தீனியையே ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும். குமட்டலைக் கண்டுபிடிப்பது எப்படி? உதட்டை அடிக்கடி நக்கும், எச்சிலை விழுங்கும், தீனியை மோந்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுவதுபோல் தரையைப் பிறாண்டும். முதலில் அதற்கு மருந்து, பிறகு தீனி. தயிர்சாதம் மட்டும் கொடுப்பது வேண்டாம், அது சதையை இன்னும் கரைக்கும். எங்கள் கருத்தில், சாப்பிடாத நல்ல தீனியைவிடச் சாப்பிடும் சுமாரான தீனி மேல். எலும்பில்லாத வேகவைத்த கோழியை வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

மூன்றாம் நிலையில் பெரும்பாலும் வீட்டில் ட்ரிப்ஸ் போடச் சொல்வார்கள். நரம்பில் இல்லை, தோலுக்கு அடியில். ஆர்.எல். எனப்படும் ரிங்கர் லாக்டேட் பாட்டில், ஐ.வி. செட், 18 அல்லது 20 எண் ஊசி. 4 கிலோ பூனைக்கு ஒரு தடவை 100 மி.லி. வழக்கம், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். கடையில் கேட்டு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். டி.என்.எஸ். என்ற குளுக்கோஸ் பாட்டிலும் பார்க்க அதே மாதிரி இருக்கும், அதைத் தோலுக்கு அடியில் ஏற்றினால் எரியும், சீழ் கட்டவும் செய்யும்.

பாட்டிலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஆறின பாட்டிலோடு போனால் பூனை முதல் நாளே எதிரியாகிவிடும். ஜன்னல் கம்பியில், பூனைக்கு மூன்று நான்கு அடி உயரத்தில் மாட்டி, குழாயில் காற்றுக்குமிழி போகும்வரை ஓடவிட்டு மூடுங்கள். நீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கர் கோடு ஒன்று, 100 மி.லி. கீழே இன்னொன்று. தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலை மூன்று விரலால் கூடாரம்போல் தூக்கி, ஊசியின் சரிந்த வாய் மேலே பார்க்க, உடம்புக்கு இணையாக அடிப்பகுதியில் நுழைக்க வேண்டும். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் வலிக்கும். முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. ஓட்டம் நின்றால் ஊசியை லேசாகத் திருப்புங்கள், அல்லது சில மில்லிமீட்டர் பின்னால் இழுங்கள். அப்போதும் ஓடாவிட்டால் செட்டின் காற்றுத் துளை மூடியிருக்கும். கெட்டிப் பாட்டிலில் அடிக்கடி நடப்பது இதுதான்.

ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை ஒரு நிமிடம் கிள்ளிப் பிடித்தால் ஒழுகாது. முதுகில் எலுமிச்சை அளவில் ஒரு பொதி நிற்கும், சரிந்து முன்னங்கால் பக்கம் இறங்கும், பயப்பட வேண்டாம். 12 மணி நேரத்துக்குள் வற்றிவிடும். அடுத்த வேளைக்கும் வற்றாமல் இருந்தால் புதிதாக ஏற்றாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புது ஊசி. பாட்டில் கலங்கினால் கொட்டிவிட வேண்டும். பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்துக் கிளினிக்கில் கொடுங்கள். குப்பை அள்ளுபவர் கையில் குத்தும்.

இதயக் கோளாறுள்ள பூனைக்கு ட்ரிப்ஸ் நுரையீரலில் தண்ணீர் கோக்கச் செய்யும். அதனால் தூங்கும்போது 15 விநாடி மூச்சை எண்ணி நான்கால் பெருக்கி, எடையோடு அதே நோட்டில் எழுதி வாருங்கள். 30க்குள் இருந்தால் சரி. தாண்டினால் அன்றைக்கு ட்ரிப்ஸ் வேண்டாம், போன் செய்யுங்கள். 40 என்றால் நேரே கிளம்ப வேண்டும்.

மாத்திரை கொடுத்தால், பின்னாலேயே வாயின் ஓரத்தில் சிரிஞ்சால் 5 மி.லி. தண்ணீர் விட வேண்டும். வறண்ட மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் நிமிடக்கணக்கில் ஒட்டி நிற்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அங்கே புண்ணாக்கிக் குழாயையே சுருக்கிவிடும்.

நான்காம் நிலையில் ட்ரிப்ஸ் போட்டும் தானாகச் சாப்பிடாமல், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல், தட்டுவரை நடக்க முடியாமல் போகும் நாட்கள் அதிகமாகும். வலியில்லாமல் முடித்துவைக்க ஊசி போடுவீர்களா, வீட்டுக்கு வருவீர்களா, விடுமுறை நாளில் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். எல்லா டாக்டரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.