ஹிஸ்டாரிக்கும் ஹிஸ்டாரிகலும்

இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’ என்னும் இரண்டு ஆங்கிலப் பெயரடைகளை விளக்கும்போது, அகராதியைவிட மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரமே எனக்கு அதிகம் கைகொடுக்கிறது.

கடந்த காலத்தைச் சேர்ந்த எதுவும், அதைப் பற்றிய ஆய்வுக்குரிய எதுவும் ஹிஸ்டாரிகல். வரலாற்றின் போக்கைத் திருப்பியது என்று நாம் மதிப்பிடுவது மட்டுமே ஹிஸ்டாரிக். ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், எழுதிவைத்த பழைய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, பால்மரம் வெட்டியவர்களின் பெயரையும் கூலியையும் காட்டுவதால், ஹிஸ்டாரிகல் ஆவணம். அதற்குமேல் அதற்குப் பெருமை எதுவும் தேவையில்லை. இவ்வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமான 1948 ஜூன் 16ஆம் நாளோ ஹிஸ்டாரிக். கொலை நடந்த நாளை இப்படிச் சொல்லலாமா என்று மாணவர்கள் தயங்குவதுண்டு. அச்சொல் புகழுரை அன்று. விளைவின் கனத்தை மட்டுமே அது அளக்கிறது. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் நிலைகுலைந்த காலத்தில், 1960இல், மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவரான துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்கும் அதே சொல்தான் பொருந்தும்.

தமிழில் பெரும்பாலும் ‘வரலாற்று’ என்ற ஒரே அடைமொழியில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். வேண்டும்போதுதான் ‘சிறப்புமிக்க’ என்று சேர்க்கிறோம். மலாய்மொழி இதில் தெளிவாக இருக்கிறது. கோலகங்சாரில் 1877இல் நடப்பட்டவற்றுள் இன்றும் நிற்கும் ரப்பர் மரம் ‘பொக்கோக் பெர்செஜாரா’; பழங்காலத்தைக் களமாகக் கொண்ட நாவல் வெறும் ‘நோவெல் செஜாரா’. ‘பெர்’ சேரும் இடத்தில் ஹிஸ்டாரிக், சேராத இடத்தில் ஹிஸ்டாரிகல் என்று சொன்னால், மலாயில் தடுமாறாத பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் தடுமாறுவதில்லை.

வேறுபாடு உண்மையில் கூர்மையாவது ‘தவறு’ என்ற சொல்லுக்கு முன்னால்தான். நாட்டின் தலைவிதியை மாற்றிய அரசியல் முடிவு ஹிஸ்டாரிக் தவறு. ஒரு நாவலாசிரியர் அவசரகாலத்தை 1950இல் தொடங்கவைத்தால் அது ஹிஸ்டாரிகல் தவறு. இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் எழுத்தாளர்மீது பெரும்பழி விழும்.

இந்த எல்லைக்கோட்டைக் கணக்கியல் பொருட்படுத்துவதில்லை. ஒரு சொத்தை வாங்கியபோது கொடுத்த விலையை அங்கே ஹிஸ்டாரிக் காஸ்ட் என்றும் ஹிஸ்டாரிகல் காஸ்ட் என்றும் எழுதுகிறார்கள். கணக்குப் பாடம் எடுக்கும் மாணவரிடம் இரண்டையும் ஏற்கச் சொல்கிறேன்.